டை கட்டத் தெரியும், பில் போடத் தெரியாது

மாறிவரும் உலகில் வெற்றி பெற 7 திறன்கள், 10 திறன்கள், 12 திறன்கள்... எந்தக் கல்லூரிக்குப் போனாலும் சுவரில் இப்படி ஒரு பட்டியல் தொங்குகிறது. தன்னம்பிக்கை, தகவல் தொடர்பு, தலைமைப் பண்பு, குழுவாக உழைத்தல், எதையும் ஏற்றுக்கொள்ளும் மனம். படித்துப் பாருங்கள், ஒன்றைக்கூட மறுக்க முடியாது. கோளாறே அங்கேதான் இருக்கிறது! யாராலும் மறுக்க முடியாத பேச்சினால் யாருக்கும் பத்து பைசா பிரயோஜனம் கிடையாது. "நல்லவனாக இரு" என்று சொல்வது போலத்தான் இதுவும்.

பி.காம். படிக்கும் என் போன்றவர்களுக்கு இந்தக் கூத்து நன்றாகப் பழகிவிட்டது. கோட் போட்ட ஒருவர் வருவார். கை குலுக்குவது எப்படி, கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எதில் ஆரம்பிப்பது எப்படி என்று மூன்று மணி நேரம் வகுப்பு. நடுவில் பந்து தூக்கிப் போடும் விளையாட்டு. முடிவில் சான்றிதழ், குரூப் போட்டோ. அன்றோடு நாங்கள் "வேலைக்குத் தயார்" ஆகிவிட்டோமாம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். உலகம் மாறும்போது ஒருவரைக் காப்பாற்றுவது தன் தொழிலின் அடிப்படையை அறிந்திருப்பதும், கைக்கு வரும் காகிதத்தைப் படித்துக் கேள்வி கேட்கும் பழக்கமும்தான். இந்த இரண்டையும் சொல்லித் தராமல் கை குலுக்கச் சொல்லித் தருவது ஏமாற்று வேலை. கோபமாகச் சொல்வதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்கிறேன்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் முத்தியால்பேட்டைத் தாண்டி, கோட்டக்குப்பத்தில் இருக்கும் இன்னொரு கடைக்குச் சரக்கு அனுப்புகிறார். சைக்கிளிலேயே போய்விடலாம். ஆனால் கோட்டக்குப்பம் தமிழ்நாடு. எனவே அது வெளிமாநில விற்பனை, பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். அதே கடைக்காரர் 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் காரைக்காலுக்கு லாரியில் அனுப்பினால்? வழியெல்லாம் தமிழ்நாடுதான். ஆனாலும் காரைக்கால் நம் யூனியன் பிரதேசம் என்பதால் அது உள்மாநில விற்பனை, சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பாதி பாதியாகப் போட வேண்டும். ஆந்திராவுக்குள் கிடக்கும் ஏனாமுக்கும், கேரளத்துக்குள் கிடக்கும் மாஹேவுக்கும் இதே கணக்கு. பக்கத்துத் தெரு வெளிமாநிலம், ஏனாம் உள்ளூர்!

இதோடு முடியவில்லை. 2019 ஏப்ரலில், சரக்கு விற்பவர்கள் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டிய வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. புதுச்சேரியில் அது 20 லட்சத்திலேயே நின்றது. வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்றாலோ, பொதுவாக அந்த வரம்பே கிடையாது. பதிவு எடுத்தே ஆக வேண்டும். ஆக, கோட்டக்குப்பத்துக்குச் சரக்கு அனுப்பும் சின்னக் கடைக்காரருக்கு இது வாழ்வா சாவா என்கிற விஷயம். அவர் தேடுவது 34-இல் ஆரம்பிக்கும் நம்பர் புதுச்சேரி, 33-இல் ஆரம்பிப்பது தமிழ்நாடு என்று பார்த்தவுடன் சொல்லி, பில்லைச் சரியாகப் போட்டுத் தரும் ஆளை. நம் வகுப்பில் எத்தனை பேர் இதைச் செய்வோம்? பந்து விளையாட்டில் முதல் பரிசு வாங்கியவர்கள் கை தூக்கட்டும் பார்ப்போம்!

"சட்டம் நாளைக்கே மாறிவிடும், அப்போது இந்த அறிவு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாறத்தான் செய்கிறது. 2017 ஜூலை 1 அன்று வாட் போய் ஜி.எஸ்.டி. வந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்துவிட்டு, பெரும்பாலான பொருள்களை 5, 18 என்று இரண்டு அடுக்குக்குள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முறையும் கடைக் கணக்கர்கள் ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. அவர்களில் பலர் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேச மாட்டார்கள். ஆனால் சமாளித்தார்கள். எப்படி? பற்று எது, வரவு எது, வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது எப்படிக் கழிப்பது என்ற அடிப்படை அவர்களுக்குத் தெரியும். லூக்கா பச்சோலி என்ற இத்தாலியப் பாதிரியார் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி 1494-இல் வெனிஸில் அச்சிட்டார். 500 வருடம் தாண்டியும் அந்தக் கணக்குதான் டேலிக்குள்ளே ஓடுகிறது. பேரேடு போய் கம்ப்யூட்டர் வந்தது, வாட் போய் ஜி.எஸ்.டி. வந்தது, அடிவேர் அப்படியே நிற்கிறது. வேரைப் பிடித்தவருக்கு இலை உதிர்வது பெரிய கவலை இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். "என்னைப் பற்றி" என்று இரண்டு பத்தி அழகான ஆங்கிலத்தில் எழுதும் வேலையை 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடி அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறது. அந்த வகுப்பில் சொல்லித் தந்தவற்றிலேயே முதலில் விலை போனது இதுதான். மாறும் உலகத்துக்குத் தயார் செய்கிறேன் என்று வந்தவர்களின் சரக்குதான் முதலில் பழசானது!

அடுத்து, இந்தப் பட்டியல்களுக்குள்ளே ஒளிந்திருக்கும் விஷமத்தைச் சொல்ல வேண்டும். திறன் இருந்தால் வெற்றி என்றால், வெற்றி கிடைக்காதவனுக்குத் திறன் இல்லை என்று ஆகிறது. வேலை இல்லையா? தப்பு உன் மேல்தான். இதை நம் ஊரில் நின்றுகொண்டு சொல்ல எப்படி மனம் வருகிறது? முதலியார்பேட்டையில் ரோடியர் மில் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் ஏ.எஃப்.டி. 1898-இல் தொடங்கிய ஆலை. நூல் நூற்பதிலும் நெய்வதிலும் சாயம் போடுவதிலும் தேர்ந்த கைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தன. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல் ஆலையைப் பதம் பார்த்தது. 2020 ஏப்ரல் 30-ஓடு ஆலையையே மூடிவிட்டார்கள். அந்தத் தொழிலாளிகளுக்குத் திறன் குறைவா? தன்னம்பிக்கை இல்லையா? குழுவாக உழைக்கத் தெரியாதா? அவர்களிடம் குறை எதுவும் இல்லை. பழைய இயந்திரங்களையும் நஷ்டக் கணக்கையும் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேறு ஆட்கள்.

அதே தொழிலாளிகளின் முன்னோர்களிடம் ஒரு திறன் இருந்தது. எந்தப் பயிற்சியாளர் பட்டியலிலும் அது வராது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சு அரசு நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை. அடுத்த வருடம், 1937-இல், அது பிரெஞ்சிந்தியாவில் சட்டமானது. வேலை நேரம் எவ்வளவு என்று சேர்ந்து நின்று கேட்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

நமக்கு? வேலை உத்தரவு மின்னஞ்சலில் வந்ததும் முதலில் பார்ப்பது வருடச் சம்பளத் தொகை. அடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறோம். வேலை நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அந்தத் தொகைக்குள் முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். பங்கும் சேர்ந்திருக்கிறதா, நம் பங்கு 12 சதவீதம் எந்தத் தொகையின் மீது பிடிக்கப்படுகிறது, முன்னால் விலகினால் எவ்வளவு கட்டச் சொல்கிறார்கள், அசல் சான்றிதழை ஏன் கேட்கிறார்கள்... ஒரு கேள்வியும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, "சம்பளம்" என்றால் எது என்ற வரையறையே மாறியிருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மீதியைப் படிகளாகப் பிரித்துப் போடும் பழைய வித்தைக்கு அதில் வரம்பு வைத்திருக்கிறார்கள். வணிகவியல் படிக்கும் நமக்கே இது தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியப் போகிறது?

"அப்படியானால் பேச்சுத் திறமையே வேண்டாம் என்கிறாயா?" வேண்டும், கண்டிப்பாக வேண்டும். பாகூரிலிருந்தும் திருக்கனூரிலிருந்தும் தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் ஆங்கிலத்தைப் பார்த்து மிரள்வது நிஜம். ஆனால் அவர்களுக்குத் தேவை தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு வணிகக் கடிதத்தை எழுத வைத்துத் திருத்தித் தரும் ஆசிரியர். வருடத்துக்கு ஒரு நாள் வந்து "தயக்கத்தை விடு" என்று கத்திவிட்டுப் போகிறவரால் தயக்கம் கூடுகிறதே தவிர குறைவதில்லை. தவிர, சொல்வதற்கு விஷயம் இருந்தால் பேச்சு தானாக வரும். கடைக்காரருக்கு ஏன் அபராதம் வந்தது என்று தெரிந்தவர் தடுமாறியாவது விளக்கிவிடுவார். தெரியாதவர் சரளமாக உளறுவார். கடைக்காரர் யாரைத் திரும்பக் கூப்பிடுவார்?

கல்லூரிகளிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மூன்று மணி நேரத்தை எங்களுக்கே கொடுங்கள். முதல் மணி நேரம், புதுச்சேரிக்கும் கோட்டக்குப்பத்துக்கும் காரைக்காலுக்கும் ஒவ்வொரு பில் எங்கள் கையால் போட வையுங்கள். இரண்டாவது மணி நேரம், ஒரு வேலை உத்தரவையும் ஒரு சம்பளச் சீட்டையும் வரி வரியாகப் படிக்க வையுங்கள். மூன்றாவது மணி நேரம், பெரிய மார்க்கெட் பக்கம் இருபது வருடமாகக் கணக்கு எழுதும் ஒருவரைக் கூப்பிட்டு வந்து உட்கார வையுங்கள், நாங்கள் கேள்வி கேட்கிறோம். அவருக்கு ஒரு டீயும் மரியாதையான ஒரு தொகையும் கொடுங்கள். கோட் போட்டவருக்குக் கொடுப்பதில் பாதி கூட ஆகாது.

குரூப் போட்டோ வேண்டுமானால் அதையும் எடுத்துக்கொள்வோம்!