வாணவேடிக்கைக்கு வழிவிட வேண்டுமாம்!

பெண்களுக்கு இயற்கையிலேயே பலமில்லை, ஆதலால் படிப்பும் விளையாட்டும் அவர்களுக்கு ஆகாது என்று சொல்லுகிறவர்கள் புரோகிதர்கள் மாத்திரந்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் வைத்தியப் பேராசிரியராயிருந்த எட்வர்டு கிளார்க் என்பவர், பெண்கள் ஆண்களைப் போல் படித்தால் அவர்களது கர்ப்ப உறுப்புகள் கெட்டுவிடும் என்று 1873ல் ஒரு புஸ்தகமே எழுதினார். சாஸ்திரி சொன்னாலென்ன, டாக்டர் சொன்னாலென்ன, ருஜு எங்கே என்று கேட்க வேண்டாமா?

அதே 1873ல் இங்கிலாந்தில் பிறந்த கான்ஸ்டன்ஸ் ஆப்பில்பீ என்ற அம்மையார், 1901ல் அதே ஹார்வர்டுக்கு வந்து ஹாக்கி ஆடிக் காட்டினார். பிறகு வாஸர், ஸ்மித், பிரின் மார் முதலிய பெண்கள் கல்லூரிகளுக்கும் போய்க் கற்பித்தார். மட்டையும் கையுமாய் ஓடிய அந்த அம்மையார் 107 வயது வரை உயிரோடிருந்தார். ஒருவர் ஆயுள் ருஜுவாகாது என்பார்களானால், அக்கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாய் ஆடிவந்த பெண்களைப் பார்க்கட்டும். டாக்டர் சொன்ன இயற்கை எங்கே ஓடி ஒளிந்துகொண்டது?

நிற்க. கல்லூரிப் பந்தயங்களை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்னும் சங்கம் ஆண்களுக்கு முதல் தேசிய சாம்பியன் பந்தயம் வைத்தது 1921ல். பெண்கள் ஹாக்கிக்கு வைத்தது 1981ல். இடையில் 60 வருஷம்! அதாவது தயவினால் வந்ததா? இல்லை. சர்க்கார் பணம் பெறும் கல்வி ஸ்தாபனங்களில் ஆண் பெண் வித்தியாசம் காட்டக்கூடாது என்று 1972ல் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் விளையாட்டு விதிகளை எதிர்த்து 1976ல் கோர்ட்டுக்குப் போனதும் இதே சங்கந்தான். பின்னால் அதே சங்கம் கொடுத்த பட்டத்தை வட கரோலினா சர்வகலாசாலைப் பெண்கள் மட்டுமே 2023க்குள் 11 தடவை வென்றார்கள்.

சட்டம் வந்துவிட்டதே, இனி என்ன குறை என்பார்கள். கேளுங்கள். 2019 செப்டம்பரில் ஒஹையோவில் கென்ட் ஸ்டேட் சர்வகலாசாலை மைதானத்தில் மெயின், டெம்பிள் சர்வகலாசாலைப் பெண்கள் ஹாக்கி ஆடினார்கள். அதிகப்படி நேரத்திலும் இரு கட்சியாரும் கோல் போடவில்லை. முடிவு தெரியுமுன் ஆட்டம் நிறுத்தப்பட்டது. மழையா? இருட்டா? இரண்டுமில்லை. பக்கத்தில் ஆண்களின் புட்பால் பந்தயத்துக்கு முன் வாணவேடிக்கை விட வேண்டுமாம்! அதுவும் பகல் வெளிச்சத்தில்! பிறகு சர்வகலாசாலையார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். மன்னிப்பினால் நின்ற ஆட்டம் முடிந்துவிடுமா?

ஆண்கள் ஆட்டத்தின் நடுவே பெண்கள் பந்தயத்து வாணத்துக்காக யாராவது மணியடித்திருப்பார்களா? மைதானத்தில் நிற்க இடம் கொடுத்துவிட்டு, நிறுத்தும் அதிகாரத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளுவதற்குச் சமத்துவம் என்று பெயர் வைப்பது சுத்த மோசடியென்றே சொல்லுவோம். ஆட்டத்தை ஆரம்பிக்கவும் முடிக்கவும் உள்ள அதிகாரத்தில் பெண்கள் சரிபாதி கேட்டு வாங்க வேண்டும்.