சாரல் சளி என்று விட்டுவிடாதீர்கள்



எனக்குக் கொரோனா இருமுறை வந்தது. 2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில் முதல்முறை. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவை 91 என்று காட்டியதும் என் மனைவி அழுத அழுகை இன்னும் காதில் நிற்கிறது. பதினொரு நாள் ஆஸ்பத்திரிவாசம். வீடு திரும்பிய பிறகு நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்து முகர்ந்தேன். ஒரு வாசனையும் இல்லை. முகரும் உணர்வு திரும்ப நான்கு மாதமாயிற்று. பண்பொழி திருமலைக்கோவில் படிகளை முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறுவேன். பிறகு பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது.

2022 ஜனவரியில், ஒமைக்ரான் பரவியபோது மறுபடியும். இரண்டு தவணை ஊசி போட்டிருந்தேன். மூன்று நாள் காய்ச்சல், தொண்டை வலி, அவ்வளவுதான். ஆனால் என்னிடமிருந்து தொற்றிய என் அம்மா தேற ஒரு மாதமானது. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்று நம்பி, முகக்கவசம் இல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கொரோனாவால் 2020, 2021 சீசன்களில் குற்றால அருவிகளில் குளிக்கத் தடை இருந்தது. இப்போது மெயினருவியிலும் ஐந்தருவியிலும் தோளோடு தோள் உரசும் கூட்டம். இருமலை எல்லாம் சாரலில் நனைந்ததால் வந்த ‘சாரல் சளி’ என்று சொல்லிவிடுகிறோம். காய்ச்சல் இருப்பவர்கள் அருவிக்கு வருவதைத் தள்ளிப்போடுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் முகக்கவசம் அணிந்தே அவர் அருகில் செல்லுங்கள்.

– ஒரு வாசகர், தென்காசி