எழுந்து போக விடாத ஆட்டங்கள்

ரம்மியில் மேலோங்கி நிற்பது திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி நம் நீதிமன்றங்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடியிருக்கிறது. திறமையே என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழியிலேயே 2021 ஆகஸ்ட்டில், பணம் கட்டி ஆடும் இணையவழி ஆட்டங்களுக்குத் தமிழகம் போட்ட தடைச் சட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. 2023 நவம்பரில் அடுத்து வந்த 2022 சட்டத்தின் பிடியிலிருந்தும் ரம்மியும் போக்கரும் தப்பின. ஆனால், விடிய விடிய ஆடுகிறவரின் மனத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி உதவாது. ஆட்டம் அவரை எழுந்து போக விடுகிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோது உயிர்கள் சலிக்காமல் முயல்கின்றன என்பதைப் புறாக்களைக் கொண்டு காட்டினார் உளவியலாளர் ஸ்கின்னர். ஃப்ரீ ஃபயர் என்ற செல்போன் ஆட்டத்தின் ‘லக் ராயல்’ குலுக்கல் அந்தக் கணக்கில்தான் சுழல்கிறது: காசு கொடுத்து வாங்கிய டயமண்டைப் போட்டால் எந்த உடை, எந்த கன் ஸ்கின் (துப்பாக்கியின் தோற்றம்) விழும் என்று தெரியாது. தினமும் உள்ளே வந்தால்தான் பரிசு. ஒரு நாள் விட்டால் போச்சு. நால்வர் அணியில் பாதியில் எழுந்தால் நண்பர்களைக் கைவிட்டதாகிவிடும். தெருக் கிரிக்கெட் இருட்டினால் முடிந்துவிடும். ஐயப்பன்தாங்கலில் பேருந்து ஏறும்போது தொடங்கிய செல்போன் ஆட்டம், இறங்கிய பிறகும் படுக்கை வரை கூடவே வருகிறது.

ஆட்டம் போதைப்பொருள் அல்ல என்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ரயன், ரிக்பி, பிரசிபில்ஸ்கி ஆகியோரின் 2006 ஆய்வு, விருப்பப்படி இயங்குதல், தேர்ச்சி பெறுதல், பிறரோடு சேர்ந்திருத்தல் என்ற மூன்று இயல்பான தேவைகளை ஆட்டம் நிறைவேற்றுவதாகச் சொல்கிறது. காலி மனைகள் அடுக்குமாடிகளாகிவிட்ட புறநகரில் பதினான்கு வயதுப் பையன் மாலையில் நண்பர்களைச் சந்திக்கும் மைதானம் பெரும்பாலும் அந்தத் திரைதான். உலக சுகாதார நிறுவனமும் கட்டுப்பாடு இழந்து, வாழ்க்கை பாதிக்கப்பட்டு, பொதுவாக 12 மாதங்கள் நீடித்தால் மட்டுமே அதை நோய் என்கிறது. தேவை இவ்வளவு நியாயமானது என்பதால்தான் அதை வைத்துக் காசு பார்ப்பதைப் பொறுக்க முடியவில்லை. பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்பதும் சரியல்ல: லட்சக்கணக்கானோரின் ஆடும் பழக்கத்தை அலசித் திட்டமிடும் நிறுவனத்துக்கு எதிரே, வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் ஒரு தாயால் தனியாக என்ன செய்ய முடியும்? சீனா 2021-இல் சிறார்களுக்கு வாரம் மூன்று மணி நேரம் என்று பூட்டியது; பிள்ளைகள் பெரியவர்களின் கணக்கில் நுழைந்தார்கள். கடிகாரம் மட்டும் போதாது, ஆட்டத்தின் கட்டமைப்பிலேயே கைவைக்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் வந்த தமிழக விதிகள் அந்தத் திசையில் ஓரடி வைத்தன. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட அவை தடை விதித்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் எச்சரிக்கை வர வேண்டும் என்றன. ஜூனில் அவற்றை உயர் நீதிமன்றமும் ஏற்றது. ஆனால், அவை பணம் கட்டும் ஆட்டங்களுக்கு மட்டும். அந்த ஆட்டங்களையோ ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் அடியோடு தடைசெய்துவிட்டது. பிள்ளைகள் ஆடும் ‘இலவச’ ஆட்டங்களுக்கு அந்த ஓரடியும் இல்லை. லக் ராயல் போல, என்ன விழும் என்று தெரியாமல் காசுக்கு விற்கும் குலுக்கல் பெட்டிகளை 2018-இலேயே சூதாட்டம் என்று அறிவித்தது பெல்ஜியம். இங்கே 18 வயதுக்குட்பட்டோருக்காவது அவற்றை விற்கக் கூடாது. ஒரு நாள் வராதவரின் பரிசைப் பறிக்கக் கூடாது. ஆடிய நேரம் திரையிலேயே தெரிய வேண்டும். தமிழகத்தின் 2022 சட்டத்தின் பெயரிலேயே இணையவழி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்துவதும் இருக்கிறது; அதன்கீழ் ஆணையமும் இருக்கிறது. அந்த ஆணையம் முதலில் வரவழைத்து விசாரிக்க வேண்டியது குலுக்கல் பெட்டி விற்பவர்களைத்தான்.