ஆறு செவ்வாயும் ஒரு வெள்ளியும்

சிறுவாபுரி முருகன் சந்நிதியில் செவ்வாய்க்கிழமை காலையில் நிற்க இடம் கிடைப்பதே அரிது. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, சின்னம்பேடு என்று வழங்கப்படும் அச்சிற்றூருக்குச் சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய் தொடர்ந்து வருவோர் ஏராளம். அத்தலத்தின் மீது அருணகிரிநாதர் பாடியருளிய திருப்புகழை வீடு வேண்டுவோர் நாள்தோறும் ஓதுவது வழக்கம். சில மாதங்களுக்கு முன் தரிசன வரிசையில் எனக்கு முன்னால் ஒரு முதிய தம்பதியர் நின்றிருந்தனர். கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தவர்கள். சென்னையில் மகன் வீட்டில் தங்கி, வாராவாரம் வந்துகொண்டிருந்தார்கள்.

"இது எங்களுக்கு நாலாவது செவ்வாய், சார். முருகன் கண் திறந்துட்டான். பையன் கூடுவாஞ்சேரி பக்கம் ஃபிளாட் பார்த்திருக்கான். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ளே பதினஞ்சு லட்சம் கட்டணுமாம். இல்லேன்னா விலை மூணு லட்சம் ஏறிடுமாம்" என்றார் அம்மையார்.

பெரியவர் அவ்வளவு மகிழ்ச்சியாக இல்லை. தரிசனம் முடிந்து பிராகாரத்தில் அமர்ந்தபோது கணக்கைச் சொன்னார். வீட்டின் விலை 78 லட்சம். மகனுக்கு வங்கி 50 லட்சம் கடன் தரும். மீதி 28 லட்சத்தில், ஊரிலுள்ள பரம்பரை வீட்டை விற்றால் 16 லட்சம் வரும். எஞ்சிய 12 லட்சம், பெரியவர் தம் பெயரில் வைத்திருக்கும் வைப்புத்தொகை. அவர் தனியார் நிறுவனமொன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சொல்லிக்கொள்ளும்படியான ஓய்வூதியம் கிடையாது. அந்த வட்டியில்தான் இருவரின் மருந்துச் செலவும் நடக்கிறது.

"பதினைந்து லட்சத்துக்கு என்ன எழுதித் தருகிறார்கள்?" என்று கேட்டேன்.

"ரசீது தருவாங்களாம்."

வங்கிப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்த எனக்கு, அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. காரணம் உண்டு.

2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதாரச் சரிவில் படுத்துக் கிடந்த வீட்டுச் சந்தை 2010இல் மெல்ல எழுந்தது. அப்போது என் மகளுக்காகப் புறநகரில் ஒரு வீடு பார்த்தேன். ஆவணி பிறந்தால் சதுர அடிக்கு 200 ரூபாய் ஏறும் என்றார் விற்பனையாளர். ஆடி முடிவதற்குள், வெறும் ரசீதை வாங்கிக்கொண்டு, சிறுகச் சிறுக 12 லட்சம் கொடுத்துவிட்டேன். கட்டட அனுமதியே இன்னும் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் தளத்தோடு வேலை நின்றது. நிலத்துக்கு உரிமை கொண்டாடி வேறொரு குடும்பம் வழக்குத் தொடுத்தது. பலமுறை நடந்து, 2016இல் அசல் மட்டும் திரும்பியது. ஆறு ஆண்டு வட்டி போனது போனதுதான். வங்கியின் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பத்திரத்தையும் இரண்டு முறை புரட்டிப் பார்க்கும் நான், என் சொந்தப் பணத்துக்கு அதைச் செய்யவில்லை. என் இல்லத்தரசி இன்றளவும் ஆடி மாதம் வந்தால் ஒரு பார்வை பார்ப்பார்.

இப்போது நிகழ்வதும் அத்தகைய ஓர் எழுச்சியே. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 நவம்பரின் பணமதிப்பு நீக்கம், 2020இன் பெருந்தொற்று என்று அடிமேல் அடி வாங்கிய சென்னை வீட்டுச் சந்தை, பெருந்தொற்று தணிந்தபின் நிமிர்ந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்க நேர்ந்தவர்கள் கூடுதலாக ஓர் அறை வேண்டும் என்று எண்ணினார்கள். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2020 மே முதல் ஈராண்டுக் காலம் 4 சதவீதமாகவே இருந்ததால் கடனும் மலிவாயிற்று. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபின் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கங்களின் மதிப்பு உயர்ந்தது. ஆகவே விற்பனையாளர் விலை ஏறும் என்று சொல்வது முழுப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஏறும் காலத்தில் வாங்குபவர் நிதானம் இழப்பார் என்பதும் அவருக்குத் தெரியும். சந்தை படுத்திருந்த நாளில் வாங்குபவரைத் தேடிவந்து ஆவணங்களைக் காட்டியவர்கள், சந்தை எழுந்ததும் ஆவணம் கேட்பவரை இடையூறாகப் பார்க்கிறார்கள்.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரை நினைத்துக்கொள்கிறேன். கையில் பொருளில்லாத அவர் சிவபெருமானுக்கு மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார். காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, அந்நாளில் தாம் பூசலாரின் கோயிலுக்கு எழுந்தருளவிருப்பதாகவும் மன்னன் தன் குடமுழுக்கை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அருளியதை நாம் அறிவோம். நாம் அதிகம் எண்ணிப் பாராதது ஒன்று உண்டு. அந்த மனக்கோயிலுக்கே பூசலார் பொருளும் தச்சரும் தேடி, நல்ல நாள் பார்த்து, அடித்தளமிட்டு, முறைப்படி ஒவ்வொன்றாகத்தான் எழுப்பினார் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் சொல்கிறார். கற்பனையில் கட்டுவதால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை.

பெரியவரிடம் முதலில் நான் சொன்னது சட்டம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, 2017 மே முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் எந்தக் கட்டுநரும் வாங்கக் கூடாது. 78 லட்சத்துக்கு 7 லட்சத்து 80 ஆயிரம்தான் உச்சவரம்பு. ரசீதுக்கு 15 லட்சம் கேட்பதே முறைகேடு. வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் அந்தக் கட்டடத்துக்கென்றே தனிக் கணக்கில் இருக்க வேண்டும். சொன்ன நாளில் வீட்டைத் தராவிட்டால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கும் உரிமையும் உண்டு. இவை 2010இல் எனக்குக் கிடைக்காத பாதுகாப்புகள். தமிழ்நாடு ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் கட்டடத்தின் பதிவு எண்ணை இட்டால் முடிவுத் தேதி உட்பட எல்லாம் தெரியும். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தந்துவிடுவார்கள்.

அடுத்தது நிலம். நம்மைப் போன்ற அன்பர்கள் மற்ற எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்க்க வேண்டும். சென்னையைச் சுற்றிய கிராமங்களில் சிவாலயங்களுக்கும் பெருமாள் கோயில்களுக்கும் அரசர்களும் செல்வர்களும் எழுதிவைத்த நிலங்கள் நிறைய உண்டு. சந்தை சூடேறும்போது அவற்றின் ஓரங்கள் மெல்லக் கரைந்து மனைகளாக மாறுகின்றன. சிவன் சொத்து குல நாசம் என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்கள், தெரியாமல் அந்தச் சொத்திலேயே பாலைக் காய்ச்சிக் குடிபுகுந்துவிடும் அவலம் நேர்கிறது. கோயில் நிலத்தை அறநிலையத் துறையின் அனுமதியின்றி விற்க முடியாது. அப்படி வரும் பத்திரத்தைப் பதிவு செய்யவும் சட்டத்தில் தடை இருக்கிறது. ஆனாலும் பழைய பிழைப் பத்திரங்களின் மேல் புதுப் பத்திரங்கள் எழுந்து நிற்பதுண்டு. இன்னொரு வகையும் உண்டு: சென்னையின் பழைய பகுதிகளில் மனை கோயிலுக்குச் சொந்தம், மேலுள்ள கட்டடம் மட்டும் விற்பவருடையது. இதை முதல் பேச்சிலேயே சொல்லுகிறவர்கள் குறைவு.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றியே பார்க்கலாம். முப்பது ஆண்டுகளுக்காவது பார்க்க வேண்டும். அதோடு நின்றுவிடாமல், சர்வே எண்ணைக் கொண்டு வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டுப் பகர்ப்பையும் எடுக்க வேண்டும். அந்நிலம் யார் பெயரில், என்ன வகைப்பாட்டில் உள்ளது என்பதை அது காட்டிவிடும். தாய்ப்பத்திரம் முதலாக எல்லாவற்றையும் நாமே அமர்த்தும் வழக்கறிஞர் ஒருவர் படிக்க வேண்டும். கட்டுநரே அனுப்பிவைக்கும் வழக்கறிஞரின் கருத்துரை நமக்குப் போதாது. வங்கி கடன் கொடுக்கிறதே, அவர்கள் பார்த்திருக்க மாட்டார்களா என்று கேட்பார்கள். வங்கி தன் கடனுக்காகப் பார்க்கிறது. நம் 28 லட்சத்துக்கு நாம்தான் பார்க்க வேண்டும்.

வாஸ்து பற்றியும் அம்மையார் கேட்டார். வாசல் கிழக்கு நோக்கியிருப்பதாக மகன் சொல்லியிருந்தாராம். நல்லதுதான் என்றேன். பிரிபடாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்று கேட்டதற்கு இருவருக்கும் விடை தெரியவில்லை. அடுக்குமாடி வீட்டில் கட்டடத்துக்கு வயதாக ஆக, நம் கையில் மதிப்போடு நிற்பது அந்த மனைப் பங்கு ஒன்றுதான்.

கடைசியாக, பெரியவர் வாய்திறந்து கேட்கத் தயங்கிய விஷயத்துக்கு வந்தேன். பிள்ளைக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்ற எண்ணம் நம் தலைமுறைக்கு இயல்பு. அதில் பிழை காண நான் யார்? ஆனால் அந்த 12 லட்சத்தைத் தொடாதீர்கள் என்றேன். அஞ்சலகத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டிக்கு வைத்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய் வரும். மருந்துக் கடைக்காரரிடம் போய் நிற்கும்போது மகனின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மகனுக்கும் இது நல்லதே. அவர் வாங்கும் 50 லட்சத்துக்கு 20 ஆண்டுக் கடனென்றால், 8.5 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 43,400 ரூபாய். வட்டி ஏறினால் அதுவும் ஏறும். ரெப்போ 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குச் சென்றபோது, 60 வயதில் முடியவேண்டிய கடன் ஓய்வுக்குப் பின்னும் நீண்டுவிட்டதை அறிந்து திகைத்தவர்கள் பலர். 2025இல் விகிதம் இறங்கத் தொடங்கியது உண்மை. இருபது ஆண்டுக் கடனில் இறங்கியது மீண்டும் ஏறாது என்று எவரும் எழுதித் தரமாட்டார்கள். அந்த நாளில் வீட்டில் பெரியவர்களின் செலவாவது தனியே நிற்க வேண்டாமா?

ஊர் வீட்டை விற்றுத்தான் ஆக வேண்டுமென்றால், புதிய பத்திரத்தில் அம்மையாரின் பெயரும் இருக்கட்டும் என்றேன். விற்ற வீட்டின் ஆதாயத்துக்கு வருமான வரிச் சலுகை கோரவும் விற்றவரின் பெயர் புதிய வீட்டில் இருப்பது தேவைப்படும். பெயர் சேர்ந்தால் வங்கி பெரும்பாலும் கடனிலும் கையெழுத்துக் கேட்கும். அதை அறிந்தே செய்ய வேண்டும். மேலும், பட்டணத்தில் விலை ஏறும் வேகத்தில் கிராமத்து வீட்டின் விலை ஏறுவதில்லை. இங்கே அவசரமாக வாங்குவதற்காக அங்கே அவசரமாக விற்றால் இரு பக்கமும் நட்டம்.

பெரியவர் எல்லாவற்றையும் ஒரு பழைய பஞ்சாங்கத்தின் பின் அட்டையில் குறித்துக்கொண்டார். வியாழனன்று மகனோடு என் வீட்டுக்கு வந்தார். மகன் மரியாதையாகவே பேசினார். முகத்தில் மட்டும் எரிச்சல் தெரிந்தது. கட்டடத்துக்குரிய மூன்று சர்வே எண்களையும் கணினியில் இட்டுப் பார்த்தோம். இரண்டு சரியாக இருந்தன. மூன்றாவதன் 'அ' பதிவேட்டில் அவ்வூர்ப் பெருமாள் கோயிலின் பெயர் இருந்தது. விற்பனையாளரைத் தொலைபேசியில் கேட்டபோது, அது பூங்காவுக்கு விட்ட இடந்தான், சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்றார்.

வெள்ளிக்கிழமை கடந்தது. அறிவித்தபடியே விலையை ஏற்றினார்கள். மூன்று லட்சம் போயிற்றே என்று மகன் ஒரு வாரம் தந்தையோடு சரியாகப் பேசவில்லையாம். இப்போது ஊரப்பாக்கத்தில் எட்டு ஆண்டு பழைய வீடொன்றைப் பார்த்துவருகிறார். சற்றுச் சிறியது, விலையும் குறைவு. பழைய வீடாதலால் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். தாய்ப்பத்திரத்தின் நகலை முதல் நாளே கேட்டு வாங்கிவிட்டார். பெரியவரின் 12 லட்சம் அஞ்சலகத்தில் இருக்கிறது.

சென்ற வாரம் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். "வக்கீல் ஆபீஸ் அலைச்சல்ல அஞ்சாவது செவ்வாய் விட்டுப்போச்சு சார். மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கணுமா?"

பத்திரம் பற்றி மட்டுமே எனக்குத் தெரியும், இதைச் சிறுவாபுரிக் குருக்களிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். வருகிற செவ்வாய் மூவருமாகப் போவதாக ஏற்பாடு.