கம்பமும் கர்லாக்கட்டையும் ஒலிம்பிக்கும்

மல்லர் கம்பத்தை ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இந்தப் பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே காதில் விழும். தமிழ்நாட்டில் மல்லர் கம்பம் என்றாலே விழுப்புரம்தானே. 2036 ஒலிம்பிக்கை நாங்கள் நடத்துகிறோம் என்று 2024 அக்டோபரில் இந்தியா விருப்பக் கடிதம் அனுப்பிய பிறகு சுருதி இன்னும் ஏறிவிட்டது. எல்லோரும் பாடுவது ஒரே பாட்டு. இது பல்லவர் காலத்துக் கலை. மாமல்லன் ஏறிய கம்பம். வெள்ளைக்காரனின் ஜிம்னாஸ்டிக்ஸுக்கே இதுதான் தாய். ஆகவே ஒலிம்பிக்கில் இடம் கொடு.

அந்த 'ஆகவே'யோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் பழமை விஷயத்தை முடித்துவிடுகிறேன். மாமல்லன் என்றால் பெரிய மற்போர் வீரன் என்று பொருள். அந்தப் பட்டப்பெயரிலிருந்து எண்ணெய் தடவிய கம்பத்துக்குத் தாவ, இதுவரை யாரும் எனக்கு ஒரு கல்வெட்டைக் காட்டவில்லை. மராட்டியர்களைக் கேட்டால் அவர்கள் வேறு கதை வைத்திருக்கிறார்கள்: 12ஆம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம், அதற்குப் பிறகு பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்துப் பாலம்பட்ட தாதா தேவதர். மத்தியப் பிரதேசம் 2013இல் அதைத் தன் மாநில விளையாட்டாகவே அறிவித்துக்கொண்டது. யாருடைய தாத்தா மூத்தவர் என்று மூன்று மாநிலமும் அடித்துக்கொள்ளட்டும். ஒலிம்பிக் என்ற வீட்டில் தாத்தாவின் வயதைக் கேட்டு யாரையும் உள்ளே விட்டதில்லை. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

நவீன ஒலிம்பிக் தொடங்கிய காலத்தில் ஆண்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் என்பது இன்று நாம் டிவியில் பார்க்கும் பளபளப்பான சமாசாரம் இல்லை. 1896 ஏதென்ஸில் கயிறேறுதல் ஒரு போட்டி. 14 மீட்டர் கயிறு. ஏறியவர்கள் ஐந்து பேர், உச்சியைத் தொட்டவர்கள் இரண்டே பேர், இருவரும் கிரேக்கர்கள். முதலில் வந்த நிக்கோலாஸ் அந்திரியாகோபுலோஸ் 23.4 விநாடியில் ஏறினார். 14 மீட்டர் என்பது ஏறத்தாழ 46 அடி, ஒரு நல்ல பனை மரத்தின் உயரம். இரும்பையிலிருந்து மரக்காணம் உப்பளம் வரைக்கும் இந்தக் கரையில் பனைக்குப் பஞ்சமில்லை. காலில் தளைநார் மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் பத்து இருபது மரம் ஏறி இறங்கியவர்களை என் சிறு வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். பனையேறிக்குக் கருக்குமட்டை கிழித்த தழும்பு உண்டு, பதக்கம் இல்லை. அந்திரியாகோபுலோஸுக்கும் அவர்களுக்கும் கையில் வித்தியாசம் ஒன்றுமில்லை. ஒருவர் ஏறியபோது கீழே கடிகாரத்தோடு ஒருவர் நின்றார், அவ்வளவுதான்.

1900இல் பாரிஸ். (ஒலிம்பிக்கை மறுபடி தொடங்கிய பிரெஞ்சுக்காரரின் பெயரை நம் பத்திரிகைகள் 'கூபர்டின்' என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் காது கூசும். குபெர்த்தேன் என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்?) அங்கே ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரே ஒரு போட்டிதான், ஆனால் அதற்குள் 16 பயிற்சிகள். கம்பி, வளையம் போன்றவற்றோடு கயிறேறுவது, நீளம் தாண்டுவது, கோலூன்றித் தாண்டுவது, 50 கிலோ எடை தூக்குவது எல்லாம் உண்டு. நம் ஊரில் இளவட்டக்கல் தூக்குவது என்போமே, அதற்குப் பக்கத்து வீடு. 135 பேர் கலந்துகொண்டார்கள். வென்றவர் குஸ்தாவ் சாந்த்ரா என்ற பிரெஞ்சுக்காரர்.

ஒரு நாட்டில் இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்? 1871இல் ஜெர்மனியிடம் தோற்ற பிறகு பிரான்ஸில் ஊருக்கு ஊர் உடற்பயிற்சிச் சங்கங்கள் முளைத்தன. 1880 ஜனவரியில் ஒரு சட்டம் போட்டு ஆண்கள் பள்ளிகளில் ஜிம்னாஸ்டிக்ஸைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். நோக்கம் ஒன்றும் புனிதமானதல்ல, அடுத்த சண்டைக்கு ஆள் தயாரிப்பதுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் கயிறு தொங்கியது. அந்தக் கயிற்றின் நுனியைப் புதுச்சேரியில் நானே பிடித்திருக்கிறேன். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 'ழிம்னாஸ்தீக்' ஒரு பாடம், முடிச்சில்லாத கயிறு, அதற்கு மதிப்பெண். ஏறாதவனுக்கு ரேங்க் குறையும். கணக்கு வாத்தியார் அந்தப் பாடவேளையைக் கடன் வாங்கிக்கொண்டு போனதாக எனக்கு நினைவில்லை.

இப்போது கர்லாக்கட்டைக்கு வருகிறேன். மேடைப் பேச்சாளர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மல்லர் கம்பத்தின் சகோதரனான கர்லாக்கட்டை ஒலிம்பிக்குக்கு ஏற்கெனவே போய் வந்துவிட்டது, ஒரு முறையல்ல, இரண்டு முறை.

இங்கே இருந்த ஆங்கிலேயப் பட்டாளத்துக்காரர்கள் நம் பயில்வான்களும் சிப்பாய்களும் கட்டை சுழற்றுவதைப் பார்த்தார்கள். எடையைக் குறைத்துத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1834இல் லண்டனில் டொனால்டு வாக்கர் எழுதிய உடற்பயிற்சிப் புத்தகத்தில் அது இடம்பெற்றது. அமெரிக்காவில் சிம் கெஹோ என்பவர் கட்டைகளைக் கடைந்து விற்றார், 1866இல் அதற்கென்றே ஒரு புத்தகமும் போட்டார். பெயரை மட்டும் மறைக்கவில்லை. அவர்கள் வாயில் அது 'இந்தியன் கிளப்'தான். 1904இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் அது தனிப் போட்டியாக நடந்தது. எட்வர்டு ஹென்னிக் என்ற அமெரிக்கர் வென்றார்.

அதே செயின்ட் லூயிஸில் ஜார்ஜ் ஐசர் என்று ஒருவர் இருந்தார். அவரைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. ஜெர்மனியில் பிறந்தவர், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவர், நம்ம சாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், குமாஸ்தா சாதி. ஒரு கால் மரக்கால். 1904 அக்டோபர் 29ஆம் தேதி ஒரே நாளில் ஆறு பதக்கம் வாங்கினார், அதில் மூன்று தங்கம். கயிறேறுவதில் ஒரு தங்கம். மரக்காலோடு குதிரை தாண்டியதில் இன்னொன்று. இது அதிசயம்தான். ஆனால் அந்த அதிசயத்துக்குப் பின்னால் ஒரு சாதாரண விஷயம் இருக்கிறது. கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு மாலையில் போய்ப் பயிற்சி செய்ய அவருக்கு ஊரில் 'கான்கார்டியா' என்ற ஜெர்மானிய உடற்பயிற்சிக் கழகம் இருந்தது. அரசாங்க உத்தியோகத்தில் நான் மூட்டிய கோப்புகள் எத்தனையோ. மூடிய பிறகு போக என்ன இருந்தது? டீக்கடை இருந்தது.

இரண்டாவது முறை 1932, லாஸ் ஏஞ்சலஸ். கர்லாக்கட்டை சுழற்ற வந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். மூன்று அமெரிக்கர், ஒரு மெக்சிகோக்காரர். இந்தியர் ஒருவரும் இல்லை. இந்தியா அந்த ஒலிம்பிக்குக்கு வரவே இல்லையா என்றால், வந்தது. நம் ஹாக்கி அணி அமெரிக்காவை 24க்கு 1 என்று புரட்டி எடுத்தது அதே லாஸ் ஏஞ்சலஸில்தான். நம் பெயரையே சுமந்த ஒரு போட்டி அதே ஒலிம்பிக்கில் நடக்கிறது, அதற்கு அனுப்ப நம்மிடம் ஓர் ஆள் இல்லை. ஊருக்கு ஊர் தாலீம்கானாக்களில் கட்டை சுழன்றுகொண்டுதான் இருந்தது. அவர்களைச் சேர்த்து, போட்டி வைத்து, பெயர் எழுதி அனுப்ப ஒரு சங்கம் இல்லை. தங்கம் வாங்கிய ஜார்ஜ் ரோத் அப்போது வேலையில்லாமல் இருந்தவர். பதக்கத்தை வாங்கிக்கொண்டு வழியில் போகிற வண்டிகளை நிறுத்தி ஏறி வீட்டுக்குப் போனார் என்று சொல்வார்கள். அதோடு கர்லாக்கட்டையும் கயிறேறுதலும் ஒலிம்பிக்கிலிருந்து போயின. திரும்பவில்லை. நான்கு பேர் ஆடும் ஆட்டத்தை யார் வைத்துக்கொள்வார்கள்?

மல்லர் கம்பத்தை 2036இல் நுழைத்துவிட்டால் மட்டும் என்ன ஆகும் என்று கேட்கிறேன். போட்டியை நடத்துகிற நாடு என்ற சலுகையில் உள்ளே போகும், நாமே நமக்குப் பதக்கம் கொடுத்துக்கொள்வோம், அடுத்த முறை எடுத்துவிடுவார்கள். 1932 அதற்கு முன்மாதிரி. ஏற்கெனவே 1936இல் அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் பெர்லினுக்குப் போய் ஒலிம்பிக் சமயத்தில் மல்லர் கம்பத்தைச் செய்து காட்டியது. கைதட்டல் கிடைத்தது. அந்தக் கைதட்டலால் இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்பம் வந்ததா? ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு இந்தியா ஆண்களை அனுப்பியது 1952, 1956, 1964 ஆகிய மூன்று முறைதான். அதற்குப் பிறகு ஓர் ஆண்கூடத் தகுதி பெற்றுப் போகவில்லை. 2016இல் திரிபுராவின் தீபா கர்மாகர்தான் மானத்தைக் காப்பாற்றினார், 0.15 புள்ளியில் வெண்கலம் போயிற்று. கம்பமும் கயிறும் ஏறிய தேசத்தின் கணக்கு இது.

"நம் கலை ஆன்மிகக் கலை, அவர்கள் போட்டி வேறு" என்று சொல்கிற ஒரு கூட்டமும் உண்டு. இதுவும் பழைய சரக்குதான். 1896இல் ஜெர்மானிய உடற்பயிற்சிக் கூட்டமைப்பு இதையேதான் சொன்னது: எங்கள் பயிற்சி சுத்த ஜெர்மன், அந்நியர் போட்டி நமக்கு ஆகாது. அதை மீறி ஏதென்ஸ் போய் வென்று வந்தவர்களைத்தான் திட்டித் தீர்த்தார்கள். அப்படிப் போய் வந்த ஆல்ஃபிரட் பிளாட்டோவும் அவர் உறவினர் குஸ்தாவ் பிளாட்டோவும் யூதர்கள். இருவரும் பிற்பாடு தெரேசியன்ஸ்டாட் முகாமில் செத்தார்கள். சுத்தம் பேசுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம் உண்டு.

உருப்படியாக நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். 2020இல் மத்திய அரசு, விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுப்பதற்கான பட்டியலை 43இலிருந்து 63 ஆக்கியது. மல்லர் கம்பம் அதில் சேர்ந்தது. மாலை இல்லை, மேளம் இல்லை, ஓர் அலுவலகக் குறிப்பாணை. ஏதோ ஒரு குமாஸ்தா தட்டச்சு செய்திருப்பார். ஏழை வீட்டுப் பையன் ஒருவன் பத்து வருஷம் விளக்கெண்ணெய் தடவிய கம்பத்தில் தலைகீழாகத் தொங்குவதற்கு அவன் அப்பாவிடம் சொல்ல ஒரு காரணம் அதனால்தான் கிடைத்தது. நூறு மேடைப் பேச்சை ஒரு தட்டிலும் அந்தக் குறிப்பாணையை இன்னொரு தட்டிலும் வையுங்கள்.

பழம்பெருமை பேசுகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் மனுவை விலாசம் மாற்றிப் போடுகிறார்கள். ஒலிம்பிக் கமிட்டி இருக்கும் லோசானுக்கு எழுத வேண்டியது இதில் ஒன்றுமில்லை. எழுத வேண்டியது பள்ளிக் கல்வித் துறைக்கு, மாவட்ட ஆட்சியருக்கு, ஊராட்சிக்கு. ஒரு தேக்குக் கம்பம் தரைக்கு மேல் எட்டு, எட்டரை அடி நிற்கும். சுற்றிலும் மணல் குழி, கீழே விரிக்க நாலு மெத்தை, மேலே ஒரு கூரை. கம்பத்தைவிட மெத்தை முக்கியம், விழப்போவது குழந்தைகள். எல்லாவற்றையும்விட முக்கியம் சம்பளம் வாங்கும் ஒரு பயிற்சியாளர். இன்று விழுப்புரம் பக்கம் இந்தக் கலை உயிரோடு இருக்கிறதென்றால் தன் சாயங்காலங்களையும் கைக்காசையும் போட்டுச் சொல்லிக்கொடுத்த சில ஆசிரியர்களால்தான். அவர்களும் ஓய்வு பெறுவார்கள், முழங்கால் வலிக்கும். எனக்குத் தெரியும்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் ஒரு மனு கொடுக்கப்போகிறேன். வரைவு தயார். கம்பம் ஒன்று, கயிறு ஒன்று, மெத்தை நான்கு, விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம். மாமல்லன் பெயர் அதில் இல்லை. கையெழுத்துப் போட விருப்பமுள்ள ஊர்க்காரர்கள் காலை பத்து மணிக்கு முன்னால் வீட்டுக்கு வரலாம். அதற்குப் பிறகு வெயிலில் நான் திண்ணைக்கு வருவதில்லை.