திடல் இருக்கிறது... வழிதான் இல்லை!

போன மாதம் ஒரு அம்மா தன் பையனை அழைத்துக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வந்தார். பையனுக்கு 13 வயசு. எடை 68 கிலோ. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தது. சர்க்கரை நோய் பின்னால் வரலாம் என்று உடம்பு முன்கூட்டியே காட்டும் அடையாளம் அது.

"உடம்பு இளைக்க ஏதாவது சூரணம் குடுங்க டாக்டர். கொள்ளுக் கஞ்சிகூட வச்சுக் குடுத்துப் பார்த்துட்டேன்" என்றார்.

"மருந்து தர்றேம்மா. ஆனா தம்பி தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது ஓடி விளையாடணும்" என்றேன்.

பையன் பட்டென்று கேட்டான்: "எங்க போய் விளையாட, டாக்டர்?"

எனக்குப் பதில் வரவில்லை. காரணம், நானும் அவன் குடியிருக்கும் அதே நகரில்தான் இருக்கிறேன். மனை வாங்கும்போது எங்களுக்குக் காட்டிய வரைபடத்தில் பச்சைக் கலரில் ஒரு சதுரம் இருந்தது. 'விளையாட்டுத் திடல்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துத்தான் பலரும் அட்வான்ஸ் கொடுத்தோம். ஆயிற்று, 12 வருஷம்!

நம் மாநிலத்தில் 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், ரோடு போக மீதியில் 10 சதவிகிதத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். எங்கள் திடலுக்கும் பத்திரம் ஆனது. அப்புறம் அளக்க வேண்டுமே! சர்வேயர் மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வந்து அளந்து கல் நட நாலு வருஷம். அதற்குள் திடலுக்குப் போகும் 23 அடி ரோட்டில் வேலி விழுந்துவிட்டது. "இது என் பட்டா நிலம்" என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். வரைபடத்தில் ரோடு இருக்கிறது. தானப் பத்திரத்தில் அந்தத் துண்டு விட்டுப்போயிருக்கிறது! உள்ளாட்சியைக் கேட்டால் வருவாய்த் துறையைக் கேள் என்கிறார்கள். அங்கே போனால் உள்ளாட்சி எழுதித் தரட்டும் என்கிறார்கள். திடலில் சீமைக் கருவேலம் ஆள் உயரம் நிற்கிறது.

'வழிதானே, எப்படியாவது போய் விளையாடலாமே' என்று நினைக்காதீர்கள். நாலு வாலிபப் பிள்ளைகள் வேலி தாண்டிப் போவார்கள். பெண் பிள்ளையை எந்த அம்மா அனுப்புவார்? முட்டி வலிக்காரப் பாட்டி வாக்கிங் போக முடியுமா? ஒருத்தன் விழுந்து காலை முறித்துக்கொண்டால் ஆட்டோ உள்ளே வருமா? வழி இல்லாத திடல், மூடி திறக்க முடியாத மருந்துப் புட்டி மாதிரிதான்.

5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிஷம் நன்றாக மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. சித்த மருத்துவம் 'நாள் ஒழுக்கம்' என்று வலியுறுத்துவதிலும் உடலுழைப்பு உண்டு. எலும்பு பலப்படுவதும், உண்ட மாவும் சர்க்கரையும் தசையில் எரிவதும் ஓட்டத்தால்தான். அந்த வயசில் விட்டதை நாற்பதில் லேகியம் தின்று முழுசாகப் பிடித்துவிட முடியாது. கோப்புக்கு வயசு ஏறாது, குழந்தைக்கு ஏறும்!

பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்தார்கள். குடியிருப்போர் கோர்ட்டுக்குப் போனார்கள். பூங்கா பூங்காவாகவே இருக்க வேண்டும் என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. வைத்தியன் நான் சொல்கிறேன், அது சரியான தீர்ப்பு. திறந்தவெளி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு வரும் கூட்டமே குறையும்.

"நிலம் அவருடையதாகவே இருந்தால்?" என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருடையது என்றால் கிரயம் கொடுத்து வாங்கட்டும். ரோட்டு நிலம் என்றால் வேலியை எடுக்கட்டும். இரண்டில் ஒன்றை முடிவு பண்ணாமல் 12 வருஷம் இழுப்பதுதான் அநியாயம்.

என் கோரிக்கை சின்னதுதான். திடலைப் பதிவு பண்ணும் அன்றைக்கே அதன் வழியையும் சேர்த்துப் பதியுங்கள். பதிந்த நாளிலிருந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாளுக்குள் அளந்து, கல் நட்டு, பெயர்ப்பலகை வையுங்கள். வழித் தகராறு முடியும் வரை பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தைச் சாயங்காலம் திறந்து விடுங்கள்.

வாசகர்களுக்கும் வேலை உண்டு. உங்கள் மனைப்பிரிவின் அங்கீகரித்த வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். திடலும் வழியும் தானப் பத்திரத்தில் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையில், நகரம் என்றால் பகுதி சபையில் எழுந்து பேசுங்கள். தனியாகப் போகாதீர்கள்; தெருவே சேர்ந்து போங்கள்.

அந்தப் பையனுக்கு ஒரு மண்டலத்துக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். இப்போதைக்கு அம்மாவோடு விடிகாலையில் மெயின் ரோட்டு ஓரமாக நடக்கிறான், லாரிகளுக்குப் பயந்தபடி. மருந்து முடிந்ததும் மறுபடி வருவான். அதே கேள்வியைக் கேட்பான். அப்போதாவது நான் திடலின் பக்கம் கை காட்ட வேண்டாமா?