செத்தது பிரச்சினை இல்ல, தூங்கினதுதான்

"ஒரே நேரத்துல ஒரு இன்ஸ்டன்ஸ் மட்டும்தான் வேலை செய்யும், ரெடிஸ்ல 30 செகண்ட் லாக் போட்டிருக்கோம்." ப்ராஜெக்ட் ரிவ்யூல இதைச் சொன்னதும் பேனல் தலையாட்டிடும். என்னைக் கேட்டா, அது பாதி வேலைதான்.

ஹாஸ்டல் ரூம் ஒதுக்குற சர்வீஸ்னு வைங்க. லாக் வாங்கி, 'ரூம் 12 காலி'னு படிச்சிட்டு, கார்பேஜ் கலெக்‌ஷன்ல 40 செகண்ட் உறைஞ்சு போகுது. லாக் காலாவதியாகி ரெண்டாவது இன்ஸ்டன்ஸ் கைக்குப் போய், அது அந்த ரூமை ஒருத்தருக்குக் கொடுத்துடுது. முதலாவது முழிக்கும். தான் தூங்கினதே அதுக்குத் தெரியாது. அதே ரூமை இன்னொருத்தர் பேர்ல எழுதிடும். டைம்-அவுட்டைக் கூட்டலாமேன்னா, நிஜமாவே செத்த சர்வீஸுக்காகவும் அவ்வளவு நேரம் காத்துக் கிடக்கணும்.

மார்ட்டின் க்ளெப்மன் 2016-லயே இதை விளக்கி எழுதிட்டார். லாக் கொடுக்கும்போதெல்லாம் ஏறிக்கிட்டே போற ஒரு எண்ணையும் சேர்த்துக் கொடுக்கணும். 34-ஐப் பார்த்த டேட்டாபேஸ் அப்புறம் வர்ற 33-ஐ மறுக்கணும். ஃபென்சிங் டோக்கன்னு பேரு. ரெடிஸை உருவாக்கின சால்வடோர் சான்ஃபிலிப்போ பதிலுக்கு எதிர்வாதம் எழுதினார். ரெண்டையும் படிங்க, சிலபஸைவிட சுவாரசியம். நான் க்ளெப்மன் பக்கம். காவல் எழுதுற இடத்துல இருக்கணும், லாக் சர்வர்ல மட்டும் இருந்தா பத்தாது.

டெமோல எல்லாரும் சர்வீஸைக் கொன்னு காட்டுறாங்க. அது சுலபமான கேஸ், செத்தது திரும்பி வந்து எழுதாது. அடுத்த ரிவ்யூல பேனல் லினக்ஸோட சிக்ஸ்டாப் சிக்னலை அனுப்பி 40 செகண்ட் நிறுத்தி, திரும்ப ஓட விடச் சொல்லட்டும்.